யாருக்கும் தெரியாத கோபம்

ஹலோ… ஹலோ… அக்கா, கேக்குதா?… நான்தான்… நான்தான்க்கா, உன் தங்கச்சி… ஆமா, நானேதான் கூப்பிட்டேன். ஏன், நான் கூப்பிடக் கூடாதா?… இல்ல, ஒண்ணும் ஆகல… ஒண்ணும் ஆகலன்னு சொல்றேன்ல… காய்ச்சல் எல்லாம் இல்ல. கைகால் இருக்கற எடத்துல இருக்கு… சரி, நானா எப்பவும் கூப்பிட்டதில்லதான். இன்னைக்குக் கூப்பிட்டிருக்கேன். முதல்ல அந்த மிக்ஸியை நிறுத்து.

…

ஆமா, காலேஜ் டூர்லதான் இருக்கேன்… பஸ்ல இல்ல… பஸ் போயிடுச்சு… என்னை விட்டுட்டுப் போயிடுச்சு.

கத்தாத, மாமாவுக்குக் கேக்கப் போகுது… கேட்டுடுச்சா?… ஸ்பீக்கர்ல போடாதக்கா… போட்டுட்டியா… வணக்கம் மாமா… நல்லா இருக்கேன் மாமா… ஆமா மாமா, பஸ்தான் போயிடுச்சு, நான் இங்கதான் இருக்கேன்… இல்ல மாமா, வெளிநாடுன்னாலும் தூதரகத்துக்கெல்லாம் போன் பண்ண வேணாம். அவங்க பஸ்ஸைத் துரத்த மாட்டாங்க.

அக்கா, நீ பேசு. மாமா பதறினா எனக்கும் பதறுது.

…

நெடுஞ்சாலை ஓரத்துல பஸ் எல்லாம் நிறுத்துவாங்களே, அந்த மாதிரி எடம். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை, வரிசையா கழிவறை. கடைக்குள்ள கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு இருக்கு, அதுல உக்காந்திருக்கேன்… பட்டப்பகல்க்கா. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. எதிர்ல ஒரு குழந்தை ஐஸ்கிரீமைத் தலையில பூசிக்கிட்டிருக்கு. அதுதான் இங்க நடக்கற பெரிய ஆபத்து.

எப்படி விட்டாங்களா? அதைக் கேளு. எங்க கூட்டத்துக்கு ஒரு வழிகாட்டி இருக்கார்ல… நேத்து போட்டோ அனுப்பினேனே, குச்சியில ஆரஞ்சு கலர் கொடி வெச்சுக்கிட்டு… ஆமா, அந்தக் கொடிக்காரர்தான். அவரு தலையை எண்ண மாட்டாராம். படிக்கற பிள்ளைங்களை ஆடு மாடு மாதிரி எண்றது மரியாதை இல்லையாம். அதுக்குப் பதிலா மைக்கைப் பிடிச்சு, "உங்க பக்கத்துல இருக்கறவங்க இருக்காங்களா?"ன்னு கேப்பாரு. எல்லாரும் "இருக்காங்க"ன்னு கத்தணும். பஸ் கெளம்பிடும்… ஆமா… என் பக்கத்துல யாரும் இல்லக்கா. என் பக்கத்து சீட்டு காலி. எனக்காக யாரு கத்துவா?

…

ரேடியோவா… அவ என் பக்கத்துல உக்காரல… ஆமாக்கா, ஓயாம பேசற என் ரூம்மேட்டுதான், வேற எந்த ரேடியோ… ம். அவ முன்னாடி சீட்டுக்குப் போயிட்டா. நேத்து காலைல பஸ் ஏறினதுமே. "நீ இங்க ஜன்னல் பக்கம் உக்காந்துக்கோ, நான் முன்னாடி இருக்கேன்"னு சொல்லிட்டு, சிரிச்சுட்டுப் போயிட்டா. அங்க ஒரு பெரிய கும்பல். பாட்டு, கைதட்டல், விடுகதை. ரெண்டு நாளா அங்கதான் இருக்கா.

இல்ல, சண்டை எல்லாம் போடல… கோவமா? ஆமா, கோவம்தான். பயங்கரமான கோவம். நேத்துலேர்ந்து அவகூட ஒரு வார்த்தை பேசலயே.

… …

அதான்க்கா பிரச்சினையே. அவளுக்குத் தெரியல. யாருக்குமே தெரியல. நான் எப்பவும்தான் பேசறதில்லையே! நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், கொடிக்காரர் வந்து, "பாருங்க, எவ்ளோ அமைதியா ரசிக்கறாங்க"ன்னு எல்லார்கிட்டயும் என்னைக் காட்டறாரு… சிரிக்காத… சிரிக்காதக்கா. சின்ன வயசுல ஒரு பரீட்சை லீவு முழுக்க உன்கூடக் கோவிச்சுக்கிட்டு இருந்தேனே, ஞாபகம் இருக்கா?… பாத்தியா. உனக்கும் தெரியல.

…

எதுக்கா? என் பச்சை ரிப்பனை வெட்டி உன் பொம்மைக்குக் கட்டினல்ல, அதுக்கு… சரி விடு, இப்ப மன்னிப்பெல்லாம் வேணாம். அது ஆறிப்போச்சு.

டூரா? நல்லாத்தான் இருந்துச்சு, எதையும் பாக்கல, அவ்ளோதான். நேத்து முதல்ல ஒரு கோட்டை. போனா, கோட்டை முழுக்க சாரம் கட்டித் துணி போட்டு மூடி வெச்சிருக்கான். ரிப்பேராம். அந்தத் துணி மேல கோட்டையோட படம் பெருசா அச்சடிச்சிருக்கு. எங்க ஆளுங்க அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க… ஆமா, நானும்தான். நீ "நல்லா இருக்குடி"ன்னு ஹார்ட் போட்டியே, அது துணிதான்.

அப்புறம் ஒரு ஏரி… பனி. எங்க பாத்தாலும் வெள்ளை. கொடிக்காரர் கையை நீட்டி, "அதோ ஏரி"ங்கறாரு. நாங்க எல்லாம் "ஆஹா"ங்கறோம். கொஞ்ச நேரம் கழிச்சு, "மன்னிக்கணும், ஏரி இந்தப் பக்கம்"ங்கறாரு. திரும்பி நின்னு மறுபடியும் "ஆஹா."

அதுக்கப்புறம் மெத்தைக் கடை… மெத்தைக் கடைக்கா, படுக்கற மெத்தை… எனக்கு என்ன தெரியும், அங்க கூட்டிட்டுப் போனா அவருக்கு ஏதாவது குடுப்பாங்களா இருக்கும். வரிசையா மெத்தை போட்டு, "படுத்துப் பாருங்க, படுத்துப் பாருங்க"ன்னு உபசாரம். பாதிப் பேரு நெஜமாவே தூங்கிட்டாங்க. எழுப்பறதுக்குள்ள கொடிக்காரர் அழுதுட்டாரு. உண்மையைச் சொன்னா, டூர்லயே நல்ல எடம் அதுதான்.

…

பேசறேன்ல? ஆமா, எனக்கே ஆச்சரியமா இருக்கு. ரெண்டு நாளா சேத்து வெச்சது.

இறங்கித்தான் இருந்தேன், கழிவறைக்குப் போயிட்டு வந்தேன். வெளிய ஒரு லாரிக்காரர் தார்ப்பாய் கட்டிட்டிருந்தாரு. தனியாளா. ஒரு பக்கம் இழுத்துக் கட்டினா இன்னொரு பக்கம் காத்துல எழும்புது. அவரு அவசரமே படல. அது அடங்கற வரைக்கும் நிக்கறாரு, அப்புறம் போய்க் கட்டறாரு. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்… தெரியலக்கா, பாக்க நல்லா இருந்துச்சு. திரும்பினா பஸ் நின்ன எடத்துல வெறும் தரை.

இல்ல, கூப்பிடல… கொடிக்காரர் நம்பர் இருக்கு… ரேடியோ நம்பரும் இருக்கு… கூப்பிட மாட்டேன்… மாட்டேன்னா மாட்டேன். பிடிவாதம்தான். யாருக்காவது நான் இல்லன்னு தெரியுதான்னு பாக்கணும். பஸ் போய் இவ்ளோ நேரம் ஆச்சு, ஒருத்தர் கூப்பிடல பாரு. போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு சத்தம் இல்ல. அதான் தாங்க முடியாம உன்னைக் கூப்பிட்டேன்.

… …

அழல… மூக்குல சளி.

…

சொன்னா சிரிக்கக் கூடாது… மாமாவும்தான்… நான் இந்த டூருக்கு வந்ததே அவகிட்ட ஒண்ணு கேக்கறதுக்குத்தான். அடுத்த வருஷம் ரூமுக்கு யாரு யாரோட இருக்கப் போறோம்னு நாளைக்கு ஹாஸ்டல் ஆபீஸ்ல சொல்லணும். "நாம ஒண்ணாவே இருக்கலாமா"ன்னு கேக்கணும்… ஆமா, அவ்ளோதான்… ரூம்லயே கேட்டிருக்கலாம். ரூம்ல அவ பேசிட்டே இருக்கா, நான் எப்படி நடுவுல புகுந்து கேக்கறது? ஏரிக்கரையில உக்காந்து கேக்கலாம்னு இருந்தேன். ஏரியே வரல. அவளும் வரல. நேத்து ராத்திரி சாப்பிடற எடத்துல அந்தக் கும்பல்ல ஒருத்தி அவகிட்ட, "ரூம் விஷயம் என்னாச்சு"ன்னு கேட்டா. இவ, "எல்லாம் பேசி முடிச்சுட்டேன்"னா. என் காதுல விழுந்துச்சு.

…

அதுல தப்பாப் புரிஞ்சுக்க என்னக்கா இருக்கு. அவங்ககூடப் போறா. போகட்டும். அவளுக்கும் பேச ஆள் வேணும்ல. நான் சுவரு மாதிரி இருந்தா யாரு…

என்ன?… என்ன சத்தம்?… மாமா போனா?… எடுக்கச் சொல்லு, அவசரமா இருக்கப் போகுது. நான் இருக்கேன்.

… … …

யாரு?

யாருன்னு சொன்ன?… ரேடியோவா?… மாமா போன்லயா? அவளுக்கு எப்படி மாமா நம்பர்… என்னது? மாமாவே குடுத்தாரா? ஏர்போர்ட்டுக்கு எங்க ரெண்டு பேரையும் வழியனுப்ப வந்தப்பவா?… "இவ வாயைத் தொறக்க மாட்டா, ஏதாவதுன்னா நீதான் சொல்லணும்மா"ன்னா?… மாமா!… இல்ல மாமா, கோவம் இல்ல. பின்னாடி பாத்துக்கலாம்.

எனக்குக் கூப்பிடாம ஏன் மாமாவைக் கூப்பிடறா?… கூப்பிட்டுக்கிட்டே இருக்காளா?… எனக்கா?… வரவே இல்லையே… போகவே மாட்டேங்குதாமா?

… … …

ஐயய்யோ.

அக்கா… திட்டக் கூடாது… சொல்றேன், திட்டக் கூடாது. நேத்து ராத்திரி கோவத்துல அவ நம்பரை ப்ளாக் பண்ணிட்டேன்… மறந்தே போயிட்டேன்க்கா. கோவம் ஞாபகம் இருக்கு, ப்ளாக் பண்ணது ஞாபகம் இல்ல… சிரிங்க. நல்லா சிரிங்க. மாமா தரையில உக்காந்துட்டாரா? உக்காரட்டும்.

இல்ல, எடுக்க மாட்டேன்… ப்ளாக்கை எடுக்க மாட்டேன். நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். நீ கேட்டுச் சொல்லு. எப்படிக் கண்டுபிடிச்சா நான் இல்லன்னு?

…

பின்னாடி வந்தாளா… ம்… பிஸ்கட் குடுக்கவா… ம்… என் கோட்டு சீட்டு மேல இருந்துச்சு, ஆமா, பை மேல போட்டிருந்தேன். குளிருமேன்னு எடுத்துட்டு வந்தது… ஓ, நான்தான் கோட்டுக்குள்ள தூங்கறேன்னு நினைச்சாளா?… அதான் கொடிக்காரர் கேக்கறப்ப "அவ இருக்கா, தூங்கறா"ன்னு இவளே கத்தினாளா!… அப்போ இவதான் பஸ்ஸைக் கெளப்பினதா!… தட்டிக் குடுத்தாளா? எதை?… என் பையையா? என் பையைத் தட்டித் தூங்க வெச்சாளா?… அப்புறம் மறுபடி வந்து கோட்டை விலக்கினப்பத்தான் வெறும் பைன்னு தெரிஞ்சுதா?

…

சிரிக்கல… சிரிக்கல, இருமினேன்.

சரி, இப்ப எங்க இருக்கா, பஸ்ஸைத் திருப்பறாங்களா?… திருப்ப முடியாதா… ஒருவழிப் பாதை, சரி… அப்புறம்?… இறங்கிட்டாளா? இறங்கி எங்க?… எதிர்ப் பாதையில வேற பஸ் பிடிச்சாளா? தனியாவா வர்றா? அந்த ஆளுக்கு அறிவு இருக்கா, ஒருத்தியை விட்டுட்டு இன்னொருத்தியையும் நடுவழியில இறக்கி விட்டிருக்கான்!… சண்டை போட்டு இறங்கினாளா… கொடியைப் பிடுங்கினாளா?… ஏன்?… இருந்தா எனக்கு அடையாளம் தெரியுமேன்னா? ஐயோ கடவுளே.

…

என்ன பண்றீங்க?… ரெண்டு போனையும் சேத்து வெச்சா கேக்குமா?… வேணாம்க்கா… அக்கா, வேணாம்… பாத்திரத்துக்குள்ள வெக்கறாராமா? மாமா எங்க படிச்சாரு இதெல்லாம்…

ஹலோ… கேக்குது. தகர டப்பாக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது… நல்லா இருக்கேன்… பெஞ்சுல… சாப்பிட்டேன்… ஆமா… ஆமா… மெதுவாச் சொல்லு… ஆமா…

இரு, ஒரு நிமிஷம். அக்கா, நீயும் மாமாவும் கொஞ்சம் வெளிய போங்களேன்… உங்க வீட்டுச் சமையலறைதான், தெரியும்… அடுப்பை அணைச்சுட்டுப் போயேன்… ஹால் வரைக்கும்… கதவைச் சாத்திக்கோ… மாமா, நீங்களும்தான்.

…

போயிட்டாங்களா? சத்தம் இல்ல. போயிட்டாங்க.

… …

ரேடியோ. நான் உன்மேல கோவமா இருக்கேன்… ம், இப்பவும்… நேத்து காலைலேர்ந்து… காட்டினேன்! ரெண்டு நாளா காட்டிக்கிட்டேதான் இருக்கேன்!… பேசாம இருந்தேன்ல?… சரி, எப்பவும் பேசறதில்லதான், ஆனா இது வேற. நீ ஏன் என் பக்கத்துல உக்காரல?

…

எனக்காகவா?… காலி சீட்டு எனக்காகவா?… மத்தவங்க உக்காராமப் பாத்துக்கிட்டியா? ஏன்?… "அவளுக்கு அமைதிதான் பிடிக்கும், தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னியா. அதான் ஒருத்தரும் என் பக்கம் எட்டிப் பாக்கலயா. நான் என்னமோ எனக்குத்தான் ஏதோ வியாதின்னு நினைச்சுட்டேன்.

சரி. ரூம் விஷயம் என்ன?… நேத்து சொன்னியே, பேசி முடிச்சுட்டேன்னு… யாரோட போற?… யாரோடயும் இல்லையா? அப்புறம் என்ன பேசி முடிச்ச?

… …

எனக்கா?

எனக்குத் தனி ரூமா?… மூலை ரூமா? மரம் பக்கம் ஜன்னல் இருக்கே, அதுவா?… வார்டன்கிட்ட கெஞ்சினியா… எத்தனை தடவை… ஏரிக்கரையில சொல்லலாம்னு வெச்சிருந்தியா. நீயுமா. அந்த ஏரியைக் கண்டா வெட்டணும்.

யாரு கேட்டா உன்னை? நான் கேட்டேனா?… எனக்கு அமைதி பிடிக்கும்னு யாரு சொன்னா?… இல்ல, நீ கேளு. இன்னைக்கு நான் பேசறேன், நீ கேளு. நான் பேச மாட்டேன், அவ்ளோதான். நான் பேசலன்னா, யாரும் என்கிட்ட பேச வேணாம்னு அர்த்தமா? காலைல நீ பல்லு தேய்ச்சுக்கிட்டே கனவு சொல்வியே, ஒண்ணும் புரியாது, நுரைதான் வரும். அதுக்குத்தான் நான் சீக்கிரம் எந்திரிக்கறேன். எனக்கு முதல் வகுப்பு பத்து மணிக்குத்தான், தெரியுமா? நீ பேசிட்டு இருந்தாத்தான் நான் பேசாம இருக்க முடியும். நீ இல்லாத ரூம்ல நான் பேசாம இருந்தா… அது வெறும் ரூம்டி. நாலு சுவரு, ஒரு மரம். ஒண்ணா இருக்கலாமான்னு உன்கிட்ட கேக்கத்தான் நான் இந்தப் பாழாப்போன டூருக்கே வந்தேன். துணியில கோட்டை பாக்கவா வந்தேன்?

… … …

ஹலோ?

… …

ரேடியோ?

… … …

ஏதாவது சொல்லேன். நீ பேசாம இருந்தா பயமா இருக்கு… 

…

இப்படித்தான் இருக்குமா? நான் பேசாம இருக்கறப்ப, உனக்கு?

…

ம்… 

ம்… தெரியாதுடி. யாரும் சொன்னதில்ல.

…

மாத்திக்க முடியுமா, நாளைக்கு?… வார்டன் கொன்னுடுவாங்களா? கொல்லட்டும். நான் வர்றேன், நான் பேசறேன்… நான்தான் பேசுவேன். சத்தியமா… ரெண்டு பேரு ரூம்… ஆமா, பழைய ரூமே போதும்… ஜன்னல் கட்டில் உனக்கே. ஆனா லைட்டை அணைச்ச பிறகு பாடக் கூடாது. அது ஒண்ணுதான்… மெதுவாவா? நீ மெதுவாப் பாடி நான் கேட்டதே இல்லையே… சரி, ஒரு பாட்டு.

… …

அக்கா, நீ கதவுக்குப் பின்னாடிதானே நிக்கற? வா உள்ள. மூச்சு விடறது கேக்குது… மாமா ஏன் கண்ணைத் துடைக்கறாரு?… சொல்லுங்க மாமா, "வெங்காயம்"னு சொல்லுங்க, நம்பறேன்.

…

ஹலோ?… யாருகிட்ட பேசற?… அவகிட்டயா?… என்ன ரிப்பனு? அக்கா, அந்தக் கதை வேணாம்… அவளுக்கு எதுக்கு அதெல்லாம்… பள்ளிக்கூடத்துல என்னைப் பூட்டிட்டுப் போனதையா? சொல்லாத!… ரெண்டு பேரும் எப்ப இவ்ளோ சிநேகம் ஆனீங்க?… ஹலோ… நானும் போன்ல இருக்கேன்… ஹலோ… மாமா, நீங்களாவது கேக்கறீங்களா?

…

பஸ்லேர்ந்து இறங்கிட்டாளா? எந்தப் பஸ்சு?… இரு, பாக்கறேன். நீலப் பஸ் ஒண்ணு நிக்குது… ஆமா, தெரியறா! தெரியறாக்கா! ஒரு தோள்ல என் பை, இன்னொரு தோள்ல அவ பை, கையில அந்தக் கொடி. என் கோட்டை அவ போட்டுக்கிட்டு வர்றா, பாரேன்.

…

கண்ணாடியைத் தட்டறேன், கேக்கல. கனமான கண்ணாடி… அவ இந்தப் பக்கமே பாக்கல. லாரி நிக்கற பக்கம் போறா… போன்ல சொல்லு அவகிட்ட… வெச்சுட்டாளா? இறங்கினதும் வெச்சுட்டாளா!… ப்ளாக்கை எடுக்கணும்னா இந்தப் போனை வெச்சுட்டு அது எங்க இருக்குன்னு தேடணும், அதுக்குள்ள அவ பெட்ரோல் பங்கைத் தாண்டிடுவா… இரு, வெளிய ஓடறேன்… ஓடறேன்க்கா, அதான் மூச்சு… எவ்ளோ வேகமா நடக்கறா இவ…

ஏய்!

…

கேக்கல. லாரிச் சத்தம்… தெரியும்க்கா… தெரியும், சத்தமாத்தான்…

ஏய்!… ஏய் ரேடியோ! இங்கடி!… இந்தப் பக்கம்! உனக்குப் பின்னாடி! திரும்புடி, எருமை! நான் இங்க இருக்கேன்!

… …

திரும்பிட்டா.

… …

அக்கா, நான் வெக்கறேன்… இங்க எல்லாரும் கையில இருக்கறதைப் போட்டுட்டு என்னையே பாக்கறாங்க.

…

பாக்கட்டும்.